ஹப்பில் இரண்டு எச்டிஎம்ஐ இருந்தும் இரண்டாவது திரை ஏன் வரவில்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டெல் 12ஆம் தலைமுறைச் செயலியும் விண்டோஸ் 11-உம் கொண்ட மடிக்கணினி. அதில் ஒரு எச்டிஎம்ஐ போர்ட், இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்டுகள். யுஎஸ்பி-சி போர்ட்டில் செருகினால் பல வாய்களாகப் பிரித்துத் தரும் சிறு பெட்டிதான் ஹப். இரண்டு எச்டிஎம்ஐ உள்ள ஹப் ஒன்றை வாங்கி, 27 அங்குல 4கே திரையையும் 24 அங்குல ஃபுல் எச்டி திரையையும் அதில் செருகியிருக்கிறீர்கள். 4கே திரையில் படம் வருகிறது, ஆனால் மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்கிறது. 24 அங்குலத் திரையோ ‘நோ சிக்னல்’ என்கிறது. அதே ஹப்பை உங்கள் மனைவியின் எம்1 மேக்புக் ஏரில் செருகினால் இரண்டு திரைகளும் எரிகின்றன, ஆனால் இரண்டிலும் ஒரே படம்தான் தெரிகிறது. ஹப் பழுதா, மடிக்கணினி பழுதா, வீட்டில் கிடக்கும் பழைய விஜிஏ மானிட்டரையும் மூன்றாவதாகச் சேர்க்க முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

ஹப்பும் பழுதில்லை, மடிக்கணினியும் பழுதில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும், அதாவது தத்தும் மவுஸ், வராத இரண்டாவது திரை, மேக்கில் ஒரே படம் ஆகிய மூன்றும், அந்த வகை ஹப் சரியாக வேலை செய்யும்போதே வருபவை. ஹப்பில் எத்தனை எச்டிஎம்ஐ வாய்கள் இருக்கின்றன என்பது அதைச் செய்தவரின் விருப்பம். எத்தனை வெவ்வேறு படங்கள் அவற்றின் வழியே போக முடியும் என்பதை மடிக்கணினியின் செயலியும், அந்த யுஎஸ்பி-சி போர்ட்டின் உட்கம்பி இணைப்பும், அதில் ஓடும் தரவின் அளவும்தான் தீர்மானிக்கின்றன. மடிக்கணினி தராத எதையும் சாதாரண ஹப் தந்துவிடாது. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மேக்கைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

முதலில் யுஎஸ்பி-சி. இது 2014-இல் வந்த ஒரு செருகுவாயின் வடிவத்துக்குப் பெயர். அந்த வாயின் வழியே என்ன போகும் என்பதற்குப் பெயர் அல்ல. ஒரே மடிக்கணினியின் இடப்பக்கத்து யுஎஸ்பி-சி படம், தரவு, மின்சாரம் மூன்றையும் தரலாம். வலப்பக்கத்தில் உள்ளது தரவை மட்டும் தரலாம். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். படம் போக வேண்டுமானால் அந்தப் போர்ட்டில் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதி இருக்க வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் என்பது எச்டிஎம்ஐ போலவே திரைக்குப் படம் அனுப்பும் இன்னொரு முறை. போர்ட்டின் அருகே ‘டி’, ‘பி’ என்ற ஆங்கில எழுத்துகள் இரண்டும் பின்னிய சின்னமோ, அதே வடிவ வாயில் வரும் வேகம் கூடிய இணைப்பான தண்டர்போல்ட்டின் மின்னல் அம்புச் சின்னமோ அச்சிட்டிருந்தால் படம் வரும் என்று நம்பலாம். ஆனால் சில நிறுவனங்கள் ‘இதில் சார்ஜ் ஆகும்’ என்பதைக் காட்டவும் மின்னலைத்தான் அச்சிடுகின்றன. வேறு சில நிறுவனங்கள் எல்லா வசதியும் இருக்கும்போதும் எந்தச் சின்னத்தையும் அச்சிடுவதில்லை. ஆகவே தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்குரிய விவரக்குறிப்பைப் பார்ப்பதே நிச்சயமான வழி. மாடல் எண் மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் இருக்கும். விற்பனைத் தளங்களில் உள்ள விவரக்குறிப்பை நம்ப வேண்டாம், அங்கே ஒரே பெயரில் உள்ள நான்கு மாடல்களை ஒன்றாகக் கலந்து எழுதிவிடுகிறார்கள்.

அடுத்தது எண்ணிக்கை வரம்பு. செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி ஒரே நேரத்தில் இத்தனை வெவ்வேறு படங்களைத்தான் உருவாக்கும் என்ற உச்சவரம்பு உண்டு. இன்டெல் செயலிகளில் நெடுநாள் அது மூன்றாக இருந்து, மடிக்கணினிகளுக்கான 11ஆம் தலைமுறையில் நான்கானது. இந்தக் கணக்கில் மடிக்கணினியின் சொந்தத் திரையும் ஒன்று என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்களிடம் 12ஆம் தலைமுறை இருப்பதால் சொந்தத் திரையோடு வெளித்திரைகள் மூன்று என்பது கணக்கு. ஆகவே எண்ணிக்கை உங்களுக்குத் தடையாக இல்லை. பழைய விஜிஏ மானிட்டருக்கும் சேர்த்தே இடம் இருக்கிறது. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் யுஎஸ்பி-சி கேபிளின் உள்ளே. அதில் வேகமான தரவு ஓடுவதற்கு நான்கு தடங்கள் உண்டு. நான்குவழிச் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் வேகமான யுஎஸ்பி 3 போர்ட்டுகளும் இருக்கின்றன என்றால், நான்கில் இரண்டு தடங்கள் அவற்றுக்குப் போய்விடும். படத்துக்கு மிஞ்சுவது இரண்டே. விலை குறைந்த ஹப்புகளின் உள்ளே இருக்கும் சில்லு பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 காலத்தது, அந்த வேகத்தில் நான்கு தடங்களும் சேர்ந்து வினாடிக்கு 17.28 கிகாபிட் படத்தரவைத் தாங்கும், இரண்டு தடங்கள் மட்டும் என்றால் 8.64 கிகாபிட். ஒரு 4கே படத்தை வினாடிக்கு 60 முறை அனுப்ப, நுட்பமான வேறுபாடுகளைப் பொறுத்து, பன்னிரண்டரை முதல் பதினான்கு கிகாபிட் வரை வேண்டும், 8.64-இல் அது அடங்காது. எனவே மடிக்கணினியும் ஹப்பும் தமக்குள் பேசி, வினாடிக்கு 30 முறை என்று இறங்கி வருகின்றன. அதற்கு ஆறு முதல் ஏழு கிகாபிட் போதும். உங்கள் மவுஸ் தத்துவது இதனால்தான். மிச்சம் இருப்பது இரண்டு கிகாபிட்டுக்குச் சற்றே கூடக் குறைய. ஃபுல் எச்டி படத்தை 60 முறை அனுப்ப ஏறத்தாழ மூன்றரை வேண்டும். இடம் இல்லை, ஆகவே ‘நோ சிக்னல்’.

இது என் ஊகம்தானா, உண்மையா என்பதை நீங்களே ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். இரண்டு திரைகளும் ஹப்பில் இருக்கும்போதே செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய், 4கே திரையின் ரெசல்யூஷனை 1920 பெருக்கல் 1080 என்று குறையுங்கள். இப்போது இரண்டு ஃபுல் எச்டி படங்களுக்கும் சேர்த்து ஏழு கிகாபிட் சொச்சம்தான் வேண்டும், 8.64-க்குள் அது அடங்கிவிடும். உறங்கிக் கிடந்த 24 அங்குலத் திரை விழித்துக்கொண்டால் சிக்கல் இடநெருக்கடிதான் என்பது உறுதி. ஹப்பைக் கடைக்குத் திருப்பிக் கொண்டு போய்ச் சண்டை போட வேண்டியதில்லை. விழிக்காவிட்டால் இரண்டு திரைகளுக்கும் கேபிளை மாற்றிச் செருகிப் பாருங்கள். ‘நோ சிக்னல்’ கேபிளோடு இடம் மாறினால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும், திரையோடே நின்றால் அந்தத் திரையின் மெனுவில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யுஎஸ்பி 3 இல்லாமல் வெறும் யுஎஸ்பி 2.0 போர்ட்டுகளோடு வரும் சில ஹப்புகள், நான்கு தடங்களையும் படத்துக்கே விட்டுவிடுவதால், 4கே திரையை 60 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 60 முறை, ஓட்டிவிடுகின்றன. பெட்டியின் மேல் குறைந்த வேகம் எழுதியிருப்பது படத்துக்கு நல்லதாக முடிகிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ஐப் பயன்படுத்தும் விலை கூடிய ஹப்புகளில் இரண்டு தடங்களே 12.96 கிகாபிட் தாங்கும். ஒரு 4கே படம் 60 முறை போவதற்கு அது மட்டுமட்டாகப் போதும், பக்கத்தில் இன்னொரு திரைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஹப்பை மாற்றுவது உங்களுக்குத் தீர்வு அல்ல என்பது என் கருத்து.

தீர்வு ஹப்பை விட்டு விலகுவதுதான். உங்கள் மடிக்கணினியில் ஏற்கெனவே மூன்று வாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனிச் சாலை. ஒரே சாலையில் எல்லா வண்டிகளையும் ஏற்றியதுதான் நெரிசலுக்குக் காரணம். 24 அங்குலத் திரையை மடிக்கணினியின் எச்டிஎம்ஐ போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். 4கே திரையை அங்கே செருக வேண்டாம். நடுத்தர விலை மடிக்கணினிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ இன்னமும் 1.4 பதிப்பாகவே இருக்கிறது, 2009-இல் வந்த அந்தப் பதிப்பில் 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ்தான். 4கே-யை 60-இல் தருவது 2013-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து. 24 அங்குல ஃபுல் எச்டிக்கு 1.4 தாராளம்.

4கே திரைக்கு, ஒரு முனையில் யுஎஸ்பி-சி, மறுமுனையில் டிஸ்ப்ளேபோர்ட் உள்ள ஒற்றைக் கேபிள் ஒன்றை வாங்குங்கள். திரையின் பின்புறம் டிஸ்ப்ளேபோர்ட் வாய் இருக்கும். எச்டிஎம்ஐ வாயைப் போலவே தோன்றும், ஆனால் ஒரு மூலை மட்டும் வெட்டியது போலச் சாய்ந்திருக்கும். இந்தக் கேபிளில் யுஎஸ்பி தரவுக்குப் பங்கு கேட்க யாரும் இல்லாததால் நான்கு தடங்களும் படத்துக்கே. 17.28 கிகாபிட் இருக்கும்போது 4கே 60 ஹெர்ட்ஸ் கைவீசி நடக்கும். யுஎஸ்பி-சி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் கேபிளும் கிடைக்கும், அதுவும் வேலை செய்யும். ஆனால் அதற்குள் டிஸ்ப்ளேபோர்ட்டை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் ஒரு சில்லு இருக்கிறது, அந்தச் சில்லு 30 ஹெர்ட்ஸ் வகையா 60 ஹெர்ட்ஸ் வகையா என்று பெட்டியின் பொடி எழுத்தைப் படித்தாக வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் அந்த இடைத்தரகர் இல்லை.

கேபிள் வாங்கும்போது திசையையும் கவனியுங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் கேபிள் ஒருவழிப் பாதை. மடிக்கணினியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற நிலையில் அதே கேபிளைத் திருப்பிச் செருகினால் இரு முனைகளும் அழகாகப் பொருந்தும், படம் மட்டும் வராது. அந்தத் திசைக்குத் தனி மாற்றி வேண்டும்; அதற்கு மின்சாரம் தர ஒரு யுஎஸ்பி வாலும் இருக்கும்.

இன்னொரு கேபிள் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். ஓர் அலுவலகத்தில் புதிதாக வந்திறங்கிய யுஎஸ்பி-சி மானிட்டர் ஒன்று, மடிக்கணினியைச் சார்ஜ் மட்டும் செய்துவிட்டுப் படத்தைக் காட்டாமல் அடம்பிடித்தது. டிரைவரை மாற்றினோம், பயாஸைப் புதுப்பித்தோம், வேறு மடிக்கணினியைச் செருகினோம். அரை நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் மானிட்டரோடு வந்த தடித்த கேபிள் பெட்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. மேசையில் இருந்தது யாருடைய கைப்பேசி சார்ஜரோடோ வந்த மெல்லிய வெள்ளைக் கேபிள். சார்ஜர்களோடு வரும் யுஎஸ்பி-சி கேபிள்கள் பலவற்றில், மேலே சொன்ன நான்கு வேகத் தடங்களுக்கான கம்பிகளே கிடையாது. மின்சாரமும் யுஎஸ்பி 2.0 தரவும் மட்டும் போகும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வெளி எஸ்எஸ்டி ஒன்றை அந்தக் கேபிளால் இணைத்துப் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுங்கள். வினாடிக்கு நாற்பது மெகாபைட்டுக்கு மேல் ஏற மறுத்தால் அது சார்ஜ் கேபிள். அன்றிலிருந்து அத்தகைய கேபிள்களின் கழுத்தில் சிவப்பு டேப் சுற்றி வைக்கிறேன்.

இனி பழைய விஜிஏ மானிட்டர். இப்போது ஹப் இரண்டாவது யுஎஸ்பி-சி போர்ட்டில் காலியாக இருக்கிறது. அந்தப் போர்ட்டிலும் படம் வரும் வசதி இருந்தால், ஹப்பின் ஒரு எச்டிஎம்ஐ வாயில், எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-க்கு மாற்றும் அடாப்டரைச் செருகி மானிட்டரை இணைக்கலாம். கடையில் கேட்கும்போது ‘எச்டிஎம்ஐ கணினிப் பக்கம், விஜிஏ மானிட்டர் பக்கம்’ என்று சொல்லிக் கேளுங்கள். எதிர்த்திசை அடாப்டர்களும் அதே தோற்றத்தில் விற்கின்றன. விஜிஏ அலைவடிவச் சமிக்ஞை, எச்டிஎம்ஐ எண்வடிவச் சமிக்ஞை. நடுவில் மாற்றும் சில்லு இல்லாத வெறும் கம்பியால் எந்தப் பயனும் இல்லை. படம் ஓரத்தில் நகர்ந்தோ எழுத்துகள் கலங்கியோ தெரிந்தால் மானிட்டரில் ‘ஆட்டோ’ என்று போட்டிருக்கும் பொத்தானை அழுத்துங்கள். விஜிஏ காலத்து மனிதர்களுக்கு அந்தப் பொத்தான் நினைவிருக்கும். சொந்தத் திரை, 24 அங்குலம், 27 அங்குலம், விஜிஏ என நான்கு ஆயிற்று; செயலியின் கணக்கு நிரம்பிவிட்டது, ஐந்தாவதற்கு ஆசைப்பட வேண்டாம்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்டுகளும் நிறைந்துவிடுவதால், சார்ஜுக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். உருண்டை முனைச் சார்ஜர் தனியாக இருந்தால் சிக்கல் இல்லை. யுஎஸ்பி-சி-யில் சார்ஜ் ஆகும் மடிக்கணினி என்றால், ஹப்பில் சார்ஜர் செருகுவதற்கென்று உள்ள வாயில் செருகுங்கள். ஆனால் ஹப் தன் செலவுக்கென்று பத்துப் பதினைந்து வாட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் மடிக்கணினிக்குத் தரும். 65 வாட் சார்ஜர் கொடுத்து, மூன்று திரைகளையும் ஓட்டி, மேலே கனமான வேலையும் பார்த்தால் பேட்டரி மெல்ல இறங்குவதைக் காணலாம். சார்ஜரைச் செருகாமல் ஹப்பை மடிக்கணினியின் மின்சாரத்திலேயே ஓட்டினால், வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகும் நொடியில் திரை கருத்து மீளக்கூடும். அப்போது திரையைக் குற்றம் சொல்லக் கூடாது.

கேமிங் மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. உங்கள் மாடலில் என்விடியா கிராஃபிக்ஸும் இருந்தால் உங்களுக்கும் இது பொருந்தும். அத்தகைய கணினிகளில் எச்டிஎம்ஐ போர்ட் என்விடியா சில்லோடும், யுஎஸ்பி-சி போர்ட் இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியோடும் கம்பி இணைக்கப்பட்டிருப்பது சகஜம். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று தயாரிப்பாளரின் மென்பொருளில் என்விடியாவை முற்றிலும் அணைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், எச்டிஎம்ஐ போர்ட் செத்துப் போனதுபோல் இருக்கும். எந்தத் திரை எந்தச் சில்லோடு இணைந்திருக்கிறது என்பதை டிஸ்ப்ளே செட்டிங்ஸின் அடியில் உள்ள ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ பக்கம் திரைவாரியாகக் காட்டும். அந்தப் பக்கத்தை எப்படியும் ஒருமுறை திறந்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் ரிஃப்ரெஷ் ரேட் என்ற ஹெர்ட்ஸ் கணக்கும் அங்கேதான் இருக்கிறது. கேபிளை மாற்றிய பிறகும் விண்டோஸ் பழைய 30 ஹெர்ட்ஸையே பிடித்துக்கொண்டிருக்கலாம், 60-ஐ நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

எல்லாத் திரைகளும் எரிந்த பிறகு செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. விண்டோஸ் பொத்தானையும் ‘பி’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும். அதில் ‘எக்ஸ்டெண்ட்’ வேண்டும், ‘டூப்ளிகேட்’ அல்ல. டிஸ்ப்ளே பக்கத்தில் தெரியும் எண்ணிட்ட கட்டங்களை, மேசையில் திரைகள் எப்படி நிற்கின்றனவோ அப்படியே இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் இடப்பக்கம் போக வேண்டிய மவுஸ் வலப்பக்கத்தில் எட்டிப் பார்க்கும். எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கிக் காட்டும் அளவுக்கு ஸ்கேலிங் என்று பெயர். 27 அங்குல 4கே திரைக்கு 150 விழுக்காடு ஸ்கேலிங், 24 அங்குல ஃபுல் எச்டிக்கு 100 என்பது பெரும்பாலோர் கண்ணுக்குப் பொருந்தும். வெவ்வேறு ஸ்கேலிங் உள்ள திரைகளுக்கிடையே இழுக்கும்போது சில பழைய மென்பொருள்களின் எழுத்து மங்கலாகும். கணக்கு எழுதும் பழைய மென்பொருள்கள் இதில் பேர் போனவை. அந்த மென்பொருளை ஒருமுறை மூடி, எந்தத் திரையில் பயன்படுத்தப் போகிறீர்களோ அதிலேயே திறந்தால் தெளிவாகிவிடும். கேபிளைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் ஜன்னல்கள் இடம் மாறுகின்றன என்றால், அதே டிஸ்ப்ளே பக்கத்தில் ‘மல்டிப்பிள் டிஸ்ப்ளேஸ்’ பகுதியில், இணைப்பைப் பொறுத்து ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் தெரிவு விண்டோஸ் 11-இல் இருக்கிறது.

நேற்று வரை நன்றாக ஓடிய திரை இன்று வராமல் போவது வேறு கதை. ஒவ்வொரு மானிட்டரும் தன் பெயர், தனக்குப் பொருந்தும் ரெசல்யூஷன்கள் ஆகியவற்றை ஒரு சிறு குறிப்பாகக் கணினிக்குச் சொல்கிறது. அதற்கு ஈடிஐடி என்று பெயர். மின்சாரம் போய் வந்தபின் இந்தக் குறிப்பு சரியாகப் போய்ச் சேராமல், திரை வராமலோ, 1024 பெருக்கல் 768 என்று பெருத்த எழுத்தில் வந்தோ நிற்பது உண்டு. அப்போது மானிட்டரின் பொத்தானை அணைத்தால் போதாது. மின் கேபிளையே சுவரிலிருந்து பிடுங்கி, வீடியோ கேபிளையும் கழற்றி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு மாட்ட வேண்டும். கேட்பதற்கு மந்திரம் போல் இருக்கும், ஆனால் நான் தீர்த்த ‘திரை வரவில்லை’ புகார்களில் கணிசமானவை இதில்தான் தீர்ந்தன. மடிக்கணினிப் பக்கத்தில், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், ‘பி’ நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். ‘பி’ என்று நான் சொல்வது ஆங்கில அகரவரிசையின் இரண்டாவது எழுத்தை. முன்பு சொன்ன ‘பி’ பதினாறாவது. திறந்திருக்கும் கோப்புகளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

திரை எப்போதாவது ஒரு கணம் கருத்து மீள்கிறது என்றால் முதலில் கேபிளின் நீளத்தைப் பாருங்கள். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு இரண்டு மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதன் பிறகும் கருத்தால், கருக்கும் நேரத்தைக் கவனியுங்கள். நாற்காலியிலிருந்து நீங்கள் எழும்போதோ உட்காரும்போதோ மட்டும் கருக்கிறதா? சிரிக்க வேண்டாம், காற்றழுத்தத்தால் உயர்ந்து தாழும் அலுவலக நாற்காலிகள் எழுப்பும் நிலைமின்னூட்டத் துடிப்பு, கவசம் சரியில்லாத வீடியோ கேபிளில் புகுந்து திரையை அணைத்து எழுப்புவதை நானே பார்த்திருக்கிறேன். நல்ல கவசம் உள்ள கேபிளை மாற்றியதும் நின்றது. நாற்காலியை மாற்றுவதைவிட அது மலிவு.

ஹப்பின் பெரிய வடிவமான தண்டர்போல்ட் டாக் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020-இல் வந்த தண்டர்போல்ட் 4 என்ற பெயரைப் போட்டுக்கொள்ளும் கணினி, இரண்டு 4கே திரைகளை 60 ஹெர்ட்ஸில் ஓட்டியே தீர வேண்டும் என்பது விதி. உங்கள் யுஎஸ்பி-சி போர்ட் அந்த வகையாக இருந்தால், அதற்கான டாக் ஒன்று, ஒரே கேபிளில் இரு திரைகள், சார்ஜ், நெட்வொர்க் எல்லாவற்றையும் தந்துவிடும். தினமும் மடிக்கணினியைக் கழற்றி அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறவருக்கு அந்தச் சௌகரியம் விலைக்குத் தகும். மேசையை விட்டு நகராத மடிக்கணினிக்கு அது தண்டச் செலவு. தண்டர்போல்ட் இல்லாத போர்ட்டில் அந்த டாக்கைச் செருகினால் பாதி வசதிகள் வராமலோ, ஒன்றுமே வராமலோ போகலாம். ஒரு மானிட்டரிலிருந்து அடுத்த மானிட்டருக்குச் சங்கிலிபோல் கேபிள் போடும் முறையும் இருக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் வெளிவாயும் உள்ள மானிட்டர்களில் அது முடியும். முதல் மானிட்டரின் மெனுவில் ‘எம்எஸ்டி’ என்பதை ஆன் செய்து, கடைசி மானிட்டரில் ஆஃப் செய்து வைக்க வேண்டும். ஆனால் அங்கேயும் எல்லாத் திரைகளும் ஒரே சாலையைத்தான் பகிர்கின்றன. கிகாபிட் கணக்கு மறுபடி போட வேண்டும்.

இப்போது மேக். உங்கள் ஹப் ஒரு சாலையில் இரண்டு படங்களை அனுப்பப் பயன்படுத்துவது இதே எம்எஸ்டி முறையைத்தான். 2010-இல் டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ஓடு வந்த இதை விண்டோஸ் ஏற்கிறது, லினக்ஸ் ஏற்கிறது, மேக்ஓஎஸ் மட்டும் தனித்தனித் திரைகளுக்கு இதை ஏற்பதில்லை. அதனால் ஹப் ஒரே படத்தை இரண்டு வாய்களிலும் ஊற்றுகிறது. ஹப்பின் பெட்டியில் ‘மேக்கில் மிரர் மட்டும்’ என்று எங்காவது ஒரு மூலையில் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். இது போதாதென்று, எம்1 மேக்புக் ஏரின் சில்லே வெளித்திரை ஒன்றுக்கு மேல் தராது. எம்2 ஏரும் அப்படியே. எம்3 ஏர் மூடியை மூடி வைத்தால் இரண்டு தரும். 2025-இல் வந்த எம்4 ஏர்தான் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு வெளித்திரைகளைத் தருகிறது. ப்ரோ, மேக்ஸ் என்ற பின்னொட்டு உள்ள சில்லுகளுக்கு இந்தக் குறை முதலிலிருந்தே இல்லை.

எம்1-இல் இரண்டாவது திரைக்கு உள்ள வழி, முதலில் நான் சொன்ன விதிவிலக்கு: டிஸ்ப்ளேலிங்க் சில்லு உள்ள அடாப்டர் அல்லது டாக். இது கிராஃபிக்ஸ் சில்லின் வாய் வழியாகப் படத்தை அனுப்புவதில்லை. மென்பொருள் ஒன்று திரையில் தெரிய வேண்டிய படத்தைச் செயலியிலேயே சுருக்கி, சாதாரண யுஎஸ்பி தரவாக அனுப்ப, அடாப்டரில் உள்ள சில்லு அதை விரித்துத் திரைக்குக் கொடுக்கிறது. எண்ணிக்கை வரம்பு இதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மென்பொருளை நிறுவி, மேக்கின் அமைப்புகளில் திரையைப் பதிவு செய்யும் அனுமதியை அதற்குத் தர வேண்டும். அலுவலகம் கொடுத்த மேக் என்றால் அந்த அனுமதி பூட்டப்பட்டிருக்கலாம், வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மின்னஞ்சல், விரிதாள், நிரல் எழுதுவது ஆகியவற்றுக்கு இது நன்றாகவே போதும். கட்டணச் சந்தா தளங்களின் படங்கள் கறுப்பாகத் தெரியலாம், ஏனென்றால் நகல் காப்பு உள்ள வீடியோவைத் திரைப்பதிவு என்று மேக் மறுத்துவிடுகிறது. விலையும் உங்கள் ஹப்பைப் போலப் பல மடங்கு.

அந்தச் செலவு இல்லாமல் முடிக்க வேண்டுமென்றால், உங்கள் மனைவி வேலை செய்யும் நேரத்தில் 4கே திரையின் யுஎஸ்பி-சி டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை உங்கள் மடிக்கணினியிலிருந்து கழற்றி மேக்புக்கில் செருகட்டும். எம்1 ஏர் அந்தத் திரையை 60 ஹெர்ட்ஸில் ஓட்டும். 24 அங்குலத் திரை உங்கள் எச்டிஎம்ஐ போர்ட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.